மகளுக்கு வைத்த பணத்தில் அம்மா படிக்கலாமா?

கேள்வி:

மதிப்புக்குரிய அம்மா,

எனக்கு வயது 33. திண்டுக்கல்லில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சம்பளம் 9,500 ரூபாய். பிளஸ் டூவில் காமர்ஸ் குரூப் எடுத்து நல்ல மார்க் வாங்கி, பி.காம். சேர்ந்தேன். இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, 2011இல், கல்யாணம் முடித்துவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டில் தொடர்ந்து படிக்க வைப்பதாகத்தான் சொன்னார்கள். அதற்கப்புறம் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கணவர் நாலு வருஷத்துக்கு முன்னால் எங்களை விட்டுப் போய்விட்டார். திருப்பூரில் வேறு குடும்பத்தோடு இருப்பதாகக் கேள்வி. விவாகரத்து ஆகவில்லை. ஜீவனாம்சம் கேட்கவில்லை, அந்த ஆளிடம் போய் நிற்க மனசு வரவில்லை. அம்மா வீட்டில் இருக்கிறோம். மகள் அரசுப் பள்ளியில் ஏழாவது, மகன் இரண்டாவது. மகளை அடுத்த வருஷம் தனியார் இங்கிலீஷ் மீடியத்துக்கு மாற்றலாம் என்று 18,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன்.

இப்போது எனக்கு டிகிரியை முடிக்க வேண்டும் என்று ஆசை. சின்ன வயதிலிருந்து டீச்சர் ஆசையும் உண்டு. வேலையை விட்டுவிட்டுக் கல்லூரிக்கே போகலாமா, அஞ்சல் வழியா? புதுமைப் பெண் பணம் எனக்குக் கிடைக்குமா? பேருந்து நிலையம் பக்கம் ஒரு சென்டரில் 45,000 கொடுத்தால் ஒரே வருஷத்தில் பழைய தேதி போட்டே டிகிரி வாங்கித் தருகிறோம் என்கிறார்கள். அண்ணன் கேட்டுவிட்டு, "இனிமே படிச்சு என்ன கலெக்டரா ஆகப்போறே? புள்ளைக்கு வெச்ச காசை நீ எடுத்துப் படிப்பியா?" என்றார். அதற்குப் பிறகு எனக்கே குற்ற உணர்ச்சியாக இருக்கிறது. நாங்கள் பி.சி. வகுப்பு. வழி சொல்லுங்கள்.

– பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

படியுங்கள். அந்தப் 18,000 ரூபாயிலிருந்தே எடுத்துப் படியுங்கள். வேலையை விடாதீர்கள். அந்த சென்டர் இருக்கும் தெருப்பக்கமே போகாதீர்கள். இனி காரணங்களைச் சொல்கிறேன்.

முதலில் பணம். உங்கள் கடிதத்தில் உங்களை உறுத்துவது அதுதான். மகளைத் தனியார் பள்ளிக்கு மாற்றினால்தான் அவளுக்கு நல்லது செய்ததாகும் என்று நீங்களும் அண்ணனும் முடிவே கட்டிவிட்டீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படிக்கிறாள். பன்னிரண்டு வரை அங்கேயே படித்துக் கல்லூரிக்குப் போனால் அவளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டம் அது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்பதுதான் அடிப்படை நிபந்தனை. பிறகு அரசு உதவி பெறும் பள்ளிகளின் தமிழ்வழி மாணவிகளையும் சேர்த்தார்கள். அதைவிடப் பெரியது 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. மருத்துவத்துக்கு 2020இலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு 2021இலும் வந்தது. அதில் இடம் கிடைக்கும் பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. அதற்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்பில் தனியார் பள்ளிக்கு மாற்றினால் இரண்டும் போய்விடும். மாற்றிய பிறகு வருஷா வருஷம் கட்டணம் ஏறும், 9,500 ரூபாய் சம்பளத்தில் பத்தாம் வகுப்பு வரைகூடத் தாங்காது. பாதியில் திரும்பி அரசுப் பள்ளிக்கே வந்தாலும், போன சலுகை திரும்பி வராது.

ஆகவே உங்கள் மகளுக்கு நல்லது அவள் இருக்கிற இடத்தில் இருப்பதுதான். ஆங்கிலம் பலவீனம் என்றால் அதற்கு மட்டும் ஒரு டியூஷன் வையுங்கள். மீதிப் பணம் உங்கள் படிப்புக்குப் போதும். அவளுடைய காசை நீங்கள் பறிக்கிறீர்கள் என்ற பேச்சுக்கே இடமில்லை. பாதியில் நின்றுபோகக்கூடிய ஒரு செலவைத்தான் தடுக்கிறீர்கள்.

புதுமைப் பெண் உங்களுக்குக் கிடைக்காது. பள்ளி முடித்து முறையான கல்லூரியில் சேரும் மாணவிகளுக்கானது அது. தொலைநிலைக் கல்வியும் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் அதில் வராது.

வேலையை விட்டுக் கல்லூரிக்குப் போகும் யோசனையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பகல் கல்லூரியில் 75 சதவீத வருகைப் பதிவு வேண்டும், மூன்று வருஷம் சம்பளம் இருக்காது, அம்மாவின் கையை எதிர்பார்க்க வேண்டியிருக்கும். காலையில் சேலைப் பிரிவு, மாலையில் கல்லூரி என்பதும் கடை வேலைக்கு ஒத்துவராது. உங்களுக்குத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்தான் சரி. இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, சென்னை சைதாப்பேட்டையைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். 2002இல் தொடங்கியது, தமிழ்வழியில் படிக்கலாம், மதுரையில் மண்டல மையம் உண்டு. இன்னொன்று இக்னோ, 1985லிருந்து இருக்கிற மத்தியப் பல்கலைக்கழகம், அதற்கும் மதுரையில் மண்டல மையம் இருக்கிறது. இரண்டிலும் ஆண்டுக்கு இரண்டு முறை, ஜனவரியை ஒட்டியும் ஜூலையை ஒட்டியும், சேர்க்கை நடக்கும். பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் புத்தகத்தைத் தொடாத உங்களுக்குத் தமிழ்வழிதான் என் சிபாரிசு. இங்கிலீஷ் மீடியத்தில் பெயரைக் கொடுத்துவிட்டு முதல் பாடப் புத்தகத்தைப் பிரித்ததும் மூடி வைத்துவிட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரங்கள்தான், ஆண்டு வாரியாகக் கட்டலாம். இதற்காகக் குழுக் கடன் எடுக்காதீர்கள். வாரத் தவணைக்காரர் வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது உங்களுக்கு டெபிட்டும் கிரெடிட்டும் தலையில் ஏறாது.

தொலைநிலைப் பட்டம் மட்டமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். யு.ஜி.சி. அங்கீகாரம் பெற்ற தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் நேரடிக் கல்லூரிப் பட்டத்துக்குச் சமம் என்று யு.ஜி.சி. 2022இல் அறிவித்திருக்கிறது. அங்கீகாரம் என்ற சொல்லில்தான் சூட்சுமம். எந்தப் பல்கலைக்கழகம் எந்த ஆண்டில் எந்தப் படிப்பைத் தொலைநிலையில் நடத்தலாம் என்ற பட்டியல் யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவின் இணையதளத்தில் இருக்கிறது. சேர்வதற்கு முன் அந்த வருஷப் பட்டியலில் பி.காம். இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். இப்போது அந்தத் தளத்தில் டெப் ஐ.டி. என்ற ஓர் எண்ணை நீங்களே எடுத்துத்தான் விண்ணப்பிக்க வேண்டும். இ-சேவை மையத்தில் உதவி கேட்கலாம். பாஸ்வேர்டை மட்டும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த 45,000 ரூபாய் சென்டர். ஒரே வருஷத்தில் மூன்று வருஷப் பட்டம், அதுவும் பழைய தேதி போட்டு என்றால், அது போலிச் சான்றிதழ் அல்லாமல் வேறென்ன? இப்படி வாங்கியவர்கள் அரசு வேலைச் சான்றிதழ் சரிபார்ப்பில் மாட்டி, பணத்தோடு பெயரும் போய், போலீஸ் வழக்கும் வாங்கியிருக்கிறார்கள். வேறு மாநிலப் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொன்னாலும் ஏமாறாதீர்கள். மாநிலப் பல்கலைக்கழகங்கள் தங்கள் எல்லைக்கு வெளியே தொலைநிலை மையம் நடத்த அனுமதியில்லை. இன்னொரு பொறியும் உண்டு. பத்தாவது, பிளஸ் டூ முடிக்காமல் நேரே திறந்தநிலைப் பட்டம் வாங்கினால் தமிழ்நாட்டு அரசு வேலைக்குச் செல்லாது, 2009லிருந்தே இது அரசாணை. நீங்கள் பிளஸ் டூ தேறியவர், அந்தக் கவலை உங்களுக்கில்லை. இதைப் படிக்கும் வேறு யாருக்காவது பயன்படும்.

2011இல் விட்ட இடத்திலிருந்து தொடர முடியுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். பழைய பல்கலைக்கழகத்தில் ஒரே ஒரு முறை விசாரியுங்கள். சில சமயம் பழைய மாணவர்களுக்குச் சிறப்பு வாய்ப்பு கொடுப்பார்கள். கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். நீங்கள் படித்த பாடம் இப்போது இல்லை. அன்று கம்பெனிச் சட்டம் என்றால் 1956ஆம் ஆண்டுச் சட்டம், இன்று 2013ஆம் ஆண்டுச் சட்டம். வாட், சேவை வரி என்று படித்ததெல்லாம் 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் போயிற்று. புதிதாக முதலாண்டிலிருந்து தொடங்குவது உங்களுக்கு நஷ்டமில்லை. ஆனால் பழைய கல்லூரியில் இருக்கும் டி.சி.யை வாங்கிவிடுங்கள். பாதியில் நின்ற பெண்கள் பலருடைய டி.சி.யும் அசல் மார்க் ஷீட்டும் கல்லூரி அலுவலகத்து பீரோவிலேயே கிடக்கின்றன. பாக்கிக் கட்டணம் ஏதும் இருந்தால் அதைக் கட்டச் சொல்வார்கள், முதல்வரிடம் நிலைமையை எழுதிக் கொடுங்கள்.

இனி நான் சொல்லப்போவது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். பி.காம். பட்டம் கையில் வந்த அன்றே சம்பளம் ஏறாது. கணக்கு வேலை தெரிந்தால்தான் ஏறும். திண்டுக்கல்லைச் சுற்றி நூற்பாலைகள், தோல் பதனிடும் ஆலைகள், ஒட்டன்சத்திரம் காய்கறிக் கமிஷன் மண்டிகள், ஊருக்குள் ஆடிட்டர் ஆபீஸ்கள் என்று கணக்கெழுத ஆள் தேடும் இடங்கள் இருக்கின்றன. அவர்கள் கேட்பது டாலியில் வவுச்சர் போடத் தெரியுமா, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் தாக்கல் செய்யத் தெரியுமா என்பதைத்தான். இரண்டாம் ஆண்டில் டாலி கற்றுக்கொள்ளுங்கள். அதற்கு முன்பே உங்கள் முதலாளியிடம் பேசி, சேலைப் பிரிவிலிருந்து பில்லிங்குக்கோ ஸ்டாக் என்ட்ரிக்கோ மாற்றச் சொல்லிக் கேளுங்கள். "பி.காம். படிக்கிறேன்" என்பது அதற்கு நல்ல காரணம். நாள் முழுக்க நின்ற காலோடு இரவில் படிப்பு ஓடாது. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. எத்தனை கடையில் இருக்கை வந்தது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

டீச்சர் ஆசையை நான் கெடுக்க விரும்பவில்லை, ஆனால் பாதையைத் தெரிந்துகொள்ளுங்கள். வணிகவியல் பாடம் பிளஸ் ஒன், பிளஸ் டூவில்தான் இருக்கிறது. அதற்கு எம்.காம்., பி.எட். இரண்டும் வேண்டும். பி.எட். இரண்டு வருஷம், நேரில் போய்ப் படிக்க வேண்டியது. தொலைநிலை பி.எட். ஏற்கெனவே ஆசிரியராக இருப்பவர்களுக்கானது. ஆக, குறைந்தது ஏழு வருஷப் பாதை. முதலில் பி.காம். முடியட்டும், அப்போது மகன் ஆறாம் வகுப்பை எட்டியிருப்பான். அன்றைக்கும் ஆசை இருந்தால் எழுதுங்கள்.

இதற்கிடையில் ஒன்றை மறந்துவிட்டீர்கள். பட்டம் வரும்வரை காத்திருக்காமல் இன்றைக்கே நீங்கள் எழுதக்கூடிய தேர்வு ஒன்று இருக்கிறது. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4க்குப் பத்தாம் வகுப்பே போதும். பி.சி. வகுப்பினர் அந்தக் குறைந்தபட்சத் தகுதிக்கு மேல் படித்திருந்தால் இளநிலை உதவியாளர் போன்ற பதவிகளுக்கு வயது உச்சவரம்பு தடையாக இருக்காது. உங்களிடம் பிளஸ் டூ இருக்கிறது. அறிவிக்கையில் வயது அட்டவணைக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் குறிப்புகளை நிதானமாகப் படியுங்கள், பலரும் அட்டவணையை மட்டும் பார்த்துவிட்டு, வயதாகிவிட்டது என்று மூடிவிடுகிறார்கள். 200 கேள்விகளில் 100 தமிழ், 75 பொது அறிவு, 25 கணக்கும் திறனறிவும். தமிழ்ப் பகுதியில் 40 சதவீதம் எடுத்தால்தான் மற்றதைத் திருத்துவார்கள். பாடத்திட்டத்தின் தரம் பத்தாம் வகுப்பு. அரசுப் பாடநூல்கள்தான் அடிப்படை, அதில் ஏழாம் வகுப்புப் புத்தகம் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. மகளின் தமிழையும் சமூக அறிவியலையும் நீங்களும் சேர்ந்து படியுங்கள். போட்டி கடுமையானது, முதல் முறையே கிடைக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். பி.காம். ஒரு பக்கம் ஓடட்டும், அது முடிந்தால் குரூப் 2வும் திறக்கும்.

ஓர் எச்சரிக்கை. டி.என்.பி.எஸ்.சி. விண்ணப்பத்தில் ஆதரவற்ற விதவை என்று ஒரு கட்டம் இருக்கும். பெண்களுக்கான இடங்களில் பத்து சதவீதம் அவர்களுக்கு ஒதுக்கீடு, வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் சான்று கொடுப்பார். உங்கள் கணவர் உயிரோடு இருக்கிறார், அதில் டிக் போட்டுவிடாதீர்கள், விண்ணப்பமே தள்ளுபடியாகும். உங்களுக்குரியது கணவனால் கைவிடப்பட்டவர் என்ற சான்றிதழ். இ-சேவை மையம் வழியாக வருவாய்த் துறைக்கு விண்ணப்பிக்கலாம். டி.என்.பி.எஸ்.சி.யில் அதற்கு ஒதுக்கீடு இல்லை. ஆனாலும் பிள்ளைகளின் விஷயமாக அலுவலகங்களில் "தகப்பனார் கையெழுத்து எங்கே?" என்று கேட்கும்போது பதில் சொல்லக் கையில் ஒரு காகிதம் இருக்கும்.

கணவரிடம் போய் நிற்க மனசு வரவில்லை என்கிறீர்கள். நிற்க வேண்டாம், நீதிமன்றம் அவரை வரவழைக்கும். பழைய 125ஆவது பிரிவு என்று எல்லோரும் சொல்வது, 2024 ஜூலையிலிருந்து புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 144ஆவது பிரிவாக இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே மனுப்போடலாம், திருப்பூருக்கு அலைய வேண்டாம். இடைக்கால ஜீவனாம்ச மனுவை, எதிர்தரப்புக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததிலிருந்து கூடுமானவரை 60 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இழுக்கும். ஆனால் மனுப் போட்ட தேதியிலிருந்து கணக்கிட்டுத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவாகச் சொல்லிவிட்டதால், தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் உங்கள் பிள்ளைகளுக்குத்தான் நஷ்டம். நீங்கள் வேலை பார்ப்பது இதற்குத் தடையில்லை என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. வக்கீல் கட்டணத்துக்குப் பயப்பட வேண்டாம். பெண் என்றாலே, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச சட்ட உதவிக்கு உரிமை உண்டு. திண்டுக்கல் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு எங்கே என்று கேளுங்கள், அல்லது 15100 என்ற எண்ணில் பேசுங்கள். அந்தப் பணம் அந்த ஆள் உங்களுக்குப் போடும் பிச்சை அல்ல. ஏழாம் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் தகப்பன் கட்ட வேண்டிய பாக்கி.

உங்களைப் போலவே தனியாகப் பிள்ளை வளர்த்து, உங்களைவிடக் குறைந்த வருமானத்தில் இருக்கும் வாசகிகளுக்கு ஒரு தகவல். மிஷன் வாத்சல்யா திட்டத்தில் விதவை, விவாகரத்தானவர், கைவிடப்பட்டவர் ஆகியோரின் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, நகரத்தில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். திண்டுக்கல் சகோதரியின் சம்பளம் அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறது.

இனி வீடு. படிப்பு நின்றுபோவது பெரும்பாலும் வீட்டில்தான். வணிகவியல் ஆசிரியராகவும் பிறகு தொலைநிலைக் கல்வி மையத்தின் பொறுப்பிலும் இருந்தபோது நான் கண்டது இது: வயது வந்த பெண்கள் கணக்குப் பாடத்தில் பயந்தார்களே தவிர, தோற்கவில்லை. சீட்டு, கடன், ரேஷன், பள்ளிக் கட்டணம் என்று பணத்தோடு மல்லுக்கட்டிய பெண்ணுக்கு ஐந்தொகையைப் புரிந்துகொள்ளப் பதினெட்டு வயதுப் பையனைவிடக் குறைந்த நேரம்தான் ஆகும். அவர்கள் தோற்ற இடங்கள் இரண்டு. ஒன்று, எழுதும் வேகம். பத்து வருஷம் பேனா பிடிக்காத கை மூன்று மணி நேரத் தேர்வில் ஒரு மணியிலேயே வலித்து நின்றுவிடும். பதில் தெரிந்தும் பேப்பர் பாதி காலியாக இருக்கும். அதனால் மொபைலில் வீடியோ பார்ப்பதைக் குறைத்து, நீள நோட்டில் கடிகாரம் வைத்து எழுதிப் பழகுங்கள். இன்னொன்று, முதல் அசைன்மென்ட். அதை எழுதி அனுப்பியவர் பெரும்பாலும் பட்டம் வாங்கிவிடுவார். அதைத் தள்ளிப் போட்டவர் சத்தமில்லாமல் நின்றுவிடுவார். எல்லாத் தாளையும் ஒரே மூச்சில் எழுதத் துடிக்க வேண்டாம். இக்னோவில் மூன்று வருஷப் படிப்பை முடிக்க ஆறு வருஷம் வரை அவகாசம் உண்டு, தமிழ்நாடு திறந்தநிலையிலும் கூடுதல் காலம் கொடுக்கிறார்கள். நான்கு வருஷம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடைக்கென்று ஒரு பஞ்சாங்கம் இருக்கிறது. ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளிக்கு முந்தைய ஆறு வாரத்திலும் வீட்டுக்கு வர இரவு பதினொன்றாகும். அந்த நாட்களில் படிப்பேன் என்று உங்களுக்கே சத்தியம் செய்துகொள்ளாதீர்கள். பொங்கல் வியாபாரம் முடிந்ததும் சித்திரை வரை கிடைக்கும் மாதங்கள்தான் உங்களுடையவை. கடினமான கணக்குத் தாள்களை அந்த மாதங்களை ஒட்டி வரும் தேர்வுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு வகுப்புக்குக் கடையில் விடுப்பு கிடைப்பது கஷ்டம். வார விடுமுறையை எல்லா ஞாயிறும் மாற்றித் தரச் சொல்லிக் கேட்காமல், மாதம் ஒரு ஞாயிறு கேளுங்கள். தேர்வு அட்டவணை வந்த அன்றே அதைக் கடையில் காட்டிவிடுங்கள்.

இப்போது, நான் மிகவும் அஞ்சுகிற விஷயம். உங்கள் அம்மாவுக்கு வயதாகிறது. நீங்கள் கடைக்கும் புத்தகத்துக்கும் நடுவில் இருப்பீர்கள். அந்த வீட்டில் பாத்திரம் தேய்க்க, தம்பிக்கு வீட்டுப்பாடம் சொல்ல, ரேஷன் வரிசையில் நிற்க யார் மிச்சம்? பன்னிரண்டு வயது மகள். அவள் வாய் திறக்காமல் செய்வாள், பார்ப்பவர்கள் "பொறுப்பான பொண்ணு" என்பார்கள். ஒன்பதாம் வகுப்பில் அவள் மார்க் குறையும்போது காரணம் யாருக்கும் தெரியாது. உங்கள் பட்டத்துக்கான விலையை அவள் கட்டக் கூடாது. ஆகவே வேலையைக் குறையுங்கள், ஆளை மாற்றாதீர்கள். மகன் படிப்பது அரசுத் தொடக்கப் பள்ளி என்றால் காலை உணவுத் திட்டம் இருக்கிறது, காலைச் சமையலில் ஒரு சுற்று குறையும். "வீட்டில் சாப்பிட்டுத்தான் அனுப்புவேன்" என்ற கௌரவத்தை விடுங்கள். ஏழு வயதுப் பையன் தன் தட்டைக் கழுவலாம், தன் சீருடையை மடிக்கலாம். பொண்ணுக்கு மட்டும்தான் கை இருக்கிறதா? இரவு கடை முடிந்து வந்து படிக்க முயலாதீர்கள். விடியற்காலை நாலரையிலிருந்து ஆறு வரை போதும். அந்த நேரத்தில் உங்களை யாரும் கூப்பிடக் கூடாது என்று அம்மாவிடம் முன்பே பேசிவிடுங்கள்.

இதைப் புரிந்துகொண்டிருந்தவர் சகோதரி சுப்பலட்சுமி. குழந்தை விதவை. 1911இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். தன்னைப் போன்ற இளம் விதவைகளுக்கு வெறும் பள்ளிக்கூடம் போதாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வீட்டு அடுக்களையிலிருந்து வெளியே கொண்டுவந்து, தங்க இடமும் சாப்பாடும் கொடுத்தால்தான் அவர்களால் படிக்க முடியும் என்று விடுதியை நடத்தினார். மெரினாவில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ஐஸ் ஹவுஸில்தான் அந்த விடுதி பல வருஷம் இருந்தது. உங்களுக்கு விடுதி வேண்டாம். விடியலில் அந்த ஒன்றரை மணி நேரம் வேண்டும், மாதம் ஒரு ஞாயிறு வேண்டும், தேர்வு நாட்கள் வேண்டும்.

அதற்கு உங்கள் அண்ணன் வேண்டும். அவரை விரோதியாக்கிக்கொள்ளாதீர்கள், அவர் கேட்ட கேள்வியில் மருமகள் மேல் இருக்கும் அக்கறை தெரிகிறது. கலெக்டர் ஆகப்போவதில்லை, கணக்கெழுதப் போகிறேன் என்று சொல்லுங்கள். மகள் விஷயத்தில் நான் மேலே போட்ட கணக்கைக் காட்டுங்கள். இந்தப் பக்கத்தையே அவரிடம் படிக்கக் கொடுங்கள், கடைசிப் பத்தி அவருக்குத்தான்.

ஐயா, உங்கள் மருமகள் இன்றோ நாளையோ பெரியவளாவாள். தாய்மாமன் சீர் என்று மண்டபம் பிடித்து, தட்டு வரிசை வைத்து, ஒரு லட்சத்துக்குக் கடன் வாங்க நீங்கள் இப்போதே யோசித்துக்கொண்டிருப்பீர்கள். அந்தச் சீரை வீட்டோடு சுருக்குங்கள். அதற்குப் பதிலாக நான்கு வருஷம், உங்கள் தங்கை தேர்வெழுதும் நாட்களில் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுக் கூட்டி வாருங்கள். மாதம் ஒரு ஞாயிறு இருவரையும் உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பணமாக எதுவும் தர வேண்டாம். அடுத்த சேர்க்கைக்கான விண்ணப்பம் தொடங்கியதும் இ-சேவை மையத்துக்கு நீங்களே தங்கையைக் கூட்டிப் போங்கள்.